பச்சிளங்குழந்தையின் முதல் மூச்சு: சிகிச்சையும் பயிற்சியும்

பிறந்தது முதல் 28 நாள் வரையுள்ள குழந்தை பச்சிளங்குழந்தை எனப்படும். குழந்தை மருத்துவத்தில் கடந்த ஐம்பது ஆண்டுகளில் பெரும் மாற்றம் கண்ட பகுதிகளுள் இந்த 28 நாள்களுக்கான சிகிச்சை முதன்மையானது. செயற்கைச் சுவாசக் கருவி, நுரையீரல் மருந்து, விழித்திரைப் பரிசோதனை எனப் பல புதுமைகள் வந்துள்ளன. அவை நகரத்துப் பெரிய மருத்துவமனையிலிருந்து சிற்றூர் மருத்துவமனைக்கு வந்து சேர்வது செவிலியர், மருத்துவர் ஆகியோரின் செய்முறைப் பயிற்சி வழியாகத்தான். இக்கட்டுரை அந்தச் சிகிச்சைகளையும், அவற்றைக் கைக்குக் கொண்டுவரும் பயிற்சியையும் தமிழ்நாட்டுச் சூழலில் விளக்குகிறது.

தொலைவு என்னும் சிக்கல்

கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றின் கரையில் உள்ள விருத்தாசலம், பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். அகல் விளக்கும் பொம்மையும் மின் பியூஸ் கட்டையும் செய்யும் சிறு தொழிற்கூடங்கள் இங்கு உள்ளன. இங்கிருந்து மாவட்டத் தலைநகரான கடலூர் ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவு. அண்ணாமலை நகரில் உள்ள மருத்துவக் கல்லூரிக்குப் போகவும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. புதுச்சேரி ஜிப்மர் அதைவிடத் தொலைவு. சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை 200 கி.மீ.க்கு அப்பால் இருக்கிறது.

மூச்சுவிடாமல் பிறக்கும் குழந்தைக்குக் கிடைக்கும் அவகாசம் ஒரு நிமிடம். மருத்துவர்கள் இதைப் 'பொன்னான நிமிடம்' என்பர். எவ்வளவு விரைவான ஆம்புலன்ஸ் இருந்தாலும் அந்த ஒரு நிமிடத்தில் எந்த ஊருக்கும் போய்ச் சேர முடியாது. எனவே அந்த நிமிடத்துக்கு வேண்டிய திறமை பிரசவம் நடக்கும் அறையிலேயே இருக்க வேண்டும்.

எண்கள் சொல்வது

மாதிரிப் பதிவு முறைக் கணக்கின்படி, 2000ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் உயிருடன் பிறந்த ஒவ்வோர் 1000 குழந்தைகளுள் 51 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன. 2020இல் இந்த எண்ணிக்கை 13. அதே ஆண்டில் இந்தியச் சராசரி 28. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அந்த 13 குழந்தைகளுள் 9 குழந்தைகள் முதல் 28 நாள்களுக்குள்ளேயே இறந்தவை. தடுப்பூசியாலும் உப்புச் சர்க்கரைக் கரைசலாலும் காக்கக்கூடிய சற்று வளர்ந்த குழந்தைகளின் இறப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. எஞ்சியிருப்பவை பெரும்பாலும் குறைமாதப் பிறப்பு, பிறக்கும்போது மூச்சுத் திணறல், நோய்த்தொற்று, பிறவிக் குறைபாடு ஆகியவற்றால் நேர்பவை.

இன்னொரு எண்ணையும் சேர்த்துப் பார்க்கலாம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. கர்ப்பிணியை மருத்துவமனைக்கு வரவழைப்பது ஒரு காலத்தில் பெரும்பாடாக இருந்தது. இன்று வந்து சேர்ந்துவிடுகிறார்கள். வந்தபின் அங்கு என்ன செய்யப்படுகிறது என்பதுதான் இப்போதைய கேள்வி.

முதல் நிமிடத்தில் நடப்பது

கருவில் இருக்கும்போது குழந்தையின் நுரையீரலில் திரவம் நிரம்பியிருக்கும். ஆக்சிசன் தொப்புள்கொடி வழியே வரும். பிறந்தவுடன் முதல் சில மூச்சுகள் அத்திரவத்தை விலக்கிக் காற்றை உள்ளே இழுக்கின்றன. நுரையீரல் விரிந்ததும் அதன் இரத்தக் குழாய்களும் விரிகின்றன. 100 குழந்தைகளுள் ஏறக்குறைய 85 குழந்தைகள் இதைத் தாமாகவே செய்துவிடுகின்றன. மேலும் 10 குழந்தைகள் நன்றாகத் துடைத்து முதுகை வருடினாலே அழத் தொடங்கும். ஏறத்தாழ 5 குழந்தைகளுக்கு மட்டும் காற்றுப்பை கொண்டு மூச்சு கொடுக்க வேண்டியிருக்கும். மார்பை அழுத்துவதும் மருந்து கொடுப்பதும் மிக அரிதாகவே தேவைப்படும்.

செய்ய வேண்டியவை எளிமையானவை. அறையின் வெப்பம் 25 டிகிரி செல்சியசுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். பிறந்த குழந்தையைச் சூடான பருத்தித் துணியால் தலை முதல் கால் வரை துடைத்து, நனைந்த துணியை அகற்றி, வேறு உலர்ந்த துணியால் போர்த்த வேண்டும். நன்றாக அழும் குழந்தைக்குத் தொப்புள்கொடியை உடனே வெட்ட வேண்டியதில்லை. ஒரு நிமிடமாவது காத்திருந்தால் நஞ்சிலிருந்து கூடுதல் இரத்தம் குழந்தைக்கு வந்து சேரும், பின்னாளில் இரத்தசோகை குறையும்.

அழவில்லை என்றால் முதுகை இரண்டு மூன்று முறை மென்மையாகத் தேய்க்கலாம். பழைய திரைப்படங்களில் காண்பதுபோல் தலைகீழாகத் தூக்கிப் பிடித்து அடிப்பது கூடாது. அதனால் பயன் ஏதுமில்லை, காயம் ஏற்படலாம். அப்போதும் மூச்சு வராவிட்டால் வெப்பமூட்டிக்கு அடியில் கிடத்தி, தோளுக்குக் கீழே மடித்த துணியை வைத்து, கழுத்தைச் சற்றே பின்னோக்கி நிமிர்த்த வேண்டும். கழுத்து மிகவும் மடங்கினாலும் மிகவும் நிமிர்ந்தாலும் மூச்சுக்குழாய் அடைபடும். பிறகு மூக்கையும் வாயையும் மூடும்படி மாஸ்க்கைப் பொருத்தி, 'ஆம்பு பேக்' எனப்படும் காற்றுப்பையை நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை அழுத்த வேண்டும். மார்பு மெல்ல உயர்ந்தால் காற்று சரியாகப் போகிறது என்று பொருள். உயரவில்லையென்றால் மாஸ்க்கின் ஓரத்தில் காற்றுக் கசிகிறதா, தலை சரியான நிலையில் உள்ளதா, வாயில் சளி அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வர்ஜீனியா அப்கார் 1953இல் வெளியிட்ட அப்கார் மதிப்பெண்ணைப் பாடநூல்களில் பலரும் படித்திருப்பர். முதல் நிமிடத்திலும் ஐந்தாம் நிமிடத்திலும் குழந்தையின் நிறம், நாடித்துடிப்பு, மூச்சு முதலியவற்றுக்கு அளிக்கும் மதிப்பெண் அது. முதல் மதிப்பெண் வரும்வரை காத்திருந்து சிகிச்சை தொடங்குவது தவறு. மூச்சில்லாத குழந்தைக்கு அதற்கு முன்பே காற்று போயிருக்க வேண்டும்.

கைவிடப்பட்ட பழக்கங்கள்

மருத்துவ முன்னேற்றம் என்றால் புதிதாக ஒன்றைச் சேர்ப்பது என்றே பலரும் எண்ணுவர். பிரசவ அறையில் சில முன்னேற்றங்கள் பழையதை விட்டதால் வந்தவை. ஒரு காலத்தில் மூச்சுவிடாத குழந்தைக்கு நூறு விழுக்காடு தூய ஆக்சிசன் கொடுப்பதே முறையாக இருந்தது. தில்லியில் சித்தார்த் ராம்ஜி குழுவினர் 1993இல் வெளியிட்ட ஆய்வு, அறையில் உள்ள சாதாரணக் காற்றே போதுமானதாக இருப்பதைக் காட்டியது. பின்னர் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளும் அதை உறுதிசெய்தன. இன்று நிறைமாதக் குழந்தைக்குச் சாதாரணக் காற்றில்தான் தொடங்குகிறார்கள். ஆக்சிசன் உருளை இல்லாத சிறு நிலையத்துக்கு இந்தக் கண்டுபிடிப்பு பெரிய விடுதலை.

அதுபோலவே, கருவிலேயே மலம் கழித்துப் பிறக்கும் குழந்தைக்கு மூச்சுக்குழாயில் குழாய் செலுத்தி உறிஞ்சுவது வழக்கமாக இருந்தது. 2015க்குப் பிந்தைய வழிகாட்டுதல்கள், சோர்ந்திருக்கும் குழந்தைக்கும் இதை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்கின்றன. உறிஞ்சுவதில் போகும் நேரம் மூச்சு கொடுக்க வேண்டிய நேரமாகும்.

பயிற்சி ஏன் மறந்துபோகிறது

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 1987இல் பச்சிளங்குழந்தை உயிர்ப்பித்தல் பயிற்சியை முறைப்படுத்தியது. தேசிய பச்சிளங்குழந்தை மருத்துவ மன்றம் 1990இல் அதை இந்தியாவில் தொடங்கியது. 2009இல் மத்திய அரசு 'நவஜாத் சிசு சுரக்ஷா கார்யக்ரம்' என்னும் இரண்டு நாள் பயிற்சியை மருத்துவர், செவிலியர், கிராம சுகாதாரச் செவிலியர் அனைவருக்கும் அறிமுகப்படுத்தியது. 2010இல் வந்த 'குழந்தைகள் மூச்சுவிட உதவுதல்' என்ற உலகளாவிய திட்டம், படங்கள் நிறைந்த கையேட்டையும் நீர் நிரப்பிப் பயன்படுத்தும் மலிவான பொம்மையையும் கொண்டுவந்தது. தொப்புள் நாடித்துடிப்பையும் மார்பு உயர்வதையும் அந்தப் பொம்மையில் காட்டலாம்.

இங்கேதான் முக்கியமான பாடம் ஒன்று கிடைத்தது. தான்சானியா நாட்டில் ஹேடம் என்னும் கிராமப்புற மருத்துவமனையில் ஊழியர்களுக்கு ஒருநாள் பயிற்சி தரப்பட்டது. ஏழு மாதங்களுக்குப் பிறகும் பொம்மையின்மேல் அவர்கள் நன்றாகவே செய்துகாட்டினர். உண்மையான பிரசவங்களைக் கவனித்தபோது அவர்களின் செயல்முறை மாறியிருக்கவில்லை. 2013இல் வெளியான இந்த முடிவு பலரையும் திடுக்கிடச் செய்தது. அதன்பின் அம்மருத்துவமனை வழியை மாற்றியது. பொம்மையைப் பிரசவ அறைக்கு அருகிலேயே வைத்து, வாரந்தோறும் சில நிமிடங்கள், பணிக்கு இடையே, திரும்பத் திரும்பப் பயிற்சி செய்தனர். பிறந்த 24 மணி நேரத்துக்குள் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை 1000க்கு 11.1 என்பதிலிருந்து 7.2 ஆகக் குறைந்ததாக 2015இல் அறிவித்தனர்.

பீங்கான் தொழிலாளிக்கு இது புதிய செய்தியாக இராது. களிமண் குழம்பை அச்சில் ஊற்றி எப்போது கவிழ்க்க வேண்டும் என்பதை இரண்டு நாள் வகுப்பில் கேட்டுக்கொண்டு வந்துவிட முடியாது, கை பழக வேண்டும். சிறு மருத்துவமனையில் ஒரு செவிலியர் காற்றுப்பையை உண்மையாகப் பயன்படுத்தும் வாய்ப்பு மாதத்தில் ஓரிரு முறைதான் வரக்கூடும். பிரசவங்கள் குறைவாக நடக்கும் இடத்தில்தான் பொம்மைப் பயிற்சி அதிகம் தேவை. ஆனால் நடைமுறையில் சான்றிதழைக் கோப்பில் வைத்துவிட்டுப் பொம்மையை அலமாரியில் பூட்டிவைக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. பொம்மை பழுதாகிவிடுமே என்ற அக்கறையால் நேர்வதுதான் இது. அக்கறை நல்லதுதான், ஆனால் பழுதாகும் அளவுக்குப் பயன்பட்ட பொம்மைதான் தன் வேலையைச் செய்த பொம்மை.

வெப்பமும் தாயின் மார்பும்

பச்சிளங்குழந்தையின் உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியசு வரை இருக்க வேண்டும். எடை குறைந்த குழந்தைக்குத் தோலடிக் கொழுப்பு குறைவு, ஆகவே விரைவில் குளிர்ந்துவிடும். குளிர்ந்த குழந்தை பால் குடிக்காது. அதன் இரத்தச் சர்க்கரை குறையும், மூச்சும் தடுமாறும். வெயில் கொளுத்தும் விருத்தாசலத்தில் குழந்தைக்குக் குளிருமா என்று கேட்கத் தோன்றும். ஈர உடம்பின்மீது மின்விசிறிக் காற்று பட்டால் கோடையிலும் குளிரும்.

கொலம்பியா நாட்டின் போகோட்டா நகரில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் தவித்த மருத்துவர் எட்கர் ரே, 1978இல் குறைமாதக் குழந்தையைத் தாயின் மார்போடு தோலோடு தோல் படும்படி கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார். ஹெக்டர் மார்டினெஸ் அவருடன் இணைந்து அதை வளர்த்தார். இதுவே கங்காரு பராமரிப்பு. நெடுங்காலம் இது ஏழை நாட்டின் மாற்று வழியாகவே கருதப்பட்டது. குழந்தையின் உடல்நிலை சீரான பிறகே தொடங்க வேண்டும் என்றும் விதித்திருந்தனர்.

2021இல் வெளியான பன்னாட்டு ஆய்வு இந்த விதியைத் தலைகீழாக்கியது. தில்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளின் மருத்துவமனைகளும் இதில் பங்கேற்றன. 1 கிலோ முதல் 1.8 கிலோவுக்குக் குறைவான எடையுள்ள குழந்தைகளுள், உடல்நிலை சீராவதற்கு முன்பே கங்காரு பராமரிப்பு பெற்றவர்களில் 12 விழுக்காட்டினர் 28 நாள்களுக்குள் இறந்தனர். வழக்கமான முறையில் இது 15.7 விழுக்காடு. வேறுபாடு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினர். 2022இல் உலக சுகாதார நிறுவனம், உடனடிக் கங்காரு பராமரிப்பைப் பரிந்துரைத்தது. நாள் ஒன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை, இயன்ற அளவு நீண்ட நேரம் செய்ய வேண்டும்.

இதற்குக் கட்டடமும் மாற வேண்டியிருக்கிறது. குழந்தை ஒரு பிரிவிலும் தாய் வேறொரு மாடியிலும் இருந்தால் இது நடக்காது. சப்தர்ஜங்கில் தாயின் கட்டிலையும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே கொண்டுவந்தனர். சிசேரியன் ஆன தாய் ஓய்வெடுக்கும் நேரத்தில் அப்பாவோ பாட்டியோ அத்தையோ மார்பில் ஏந்தலாம். நம் குடும்பங்களில் இதற்கு ஆள் பஞ்சமில்லை. பிரிவுக்குள் விடுவதற்குத்தான் பல இடங்களில் தயக்கம்.

மூச்சுக்கு உதவும் எளிய கருவி

குறைமாதக் குழந்தையின் நுரையீரலில் 'சர்பேக்டன்ட்' என்னும் வழுக்குப் பொருள் போதுமான அளவு இராது. அதனால் காற்றறைகள் ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். 1959இல் மேரி எல்லன் ஏவரி இக்காரணத்தைக் கண்டறிந்தார். 1971இல் ஜார்ஜ் கிரிகரி, காற்றறை மூடாதபடி தொடர்ச்சியான மெல்லிய அழுத்தத்தில் காற்று கொடுக்கும் 'சிபாப்' முறையை வெளியிட்டார்.

'குமிழி சிபாப்' என்னும் வகையின் இயக்கம் பள்ளி இயற்பியல் அறிந்தவருக்கே புரியும். குழந்தையின் மூக்கில் சிறு குழாய் வழியாகக் காற்று செல்கிறது. வெளியேறும் குழாயின் முனை நீருக்குள் 5 செ.மீ. ஆழத்தில் அமிழ்ந்திருக்கும். காற்று அந்த நீரின் அழுத்தத்தை வென்றுதான் குமிழியாக வெளியேற முடியும். எனவே குழந்தையின் காற்றறைகளில் எப்போதும் 5 செ.மீ. நீர் அழுத்தம் நிலைத்திருக்கும். நீர் குமிழியிடுகிறதா என்று செவிலியர் ஒரு பார்வையில் அறியலாம். மூக்கின் நடுச்சுவர் அழுந்திப் புண்ணாகாமல் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பே.

இதோடு சில மருந்துகளும் உண்டு. குறைமாதத்தில் வலி கண்ட தாய்க்குப் பிரசவத்துக்கு முன்பே ஸ்டீராய்டு ஊசி போட்டால் கருவின் நுரையீரல் விரைந்து முதிர்ச்சியடையும். லிக்கின்ஸ், ஹோவி ஆகியோர் 1972இல் இதை நிறுவினர். காபியில் உள்ள காஃபீன், குறைமாதக் குழந்தை இடையிடையே மூச்சை நிறுத்துவதைத் தடுக்கும் மருந்தாக இன்று பயன்படுகிறது. அளவைக் கணக்கிட்டு மருத்துவமனையில் தருவது அது. வீட்டில் காபி கொடுப்பதோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டியிருந்தால், குழந்தை வயிற்றில் இருக்கும்போதே தாயை அனுப்புவது பிறந்தபின் குழந்தையை அனுப்புவதைவிடப் பாதுகாப்பானது. பிறந்துவிட்டால் மூச்சு, வெப்பம், சர்க்கரை ஆகிய மூன்றையும் சீராக்கிய பிறகே வண்டி ஏற்ற வேண்டும். தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. வண்டியிலும் கங்காரு முறையில் கொண்டுசெல்லலாம்.

சென்னையிலும் நடந்த ஆய்வு

பிறக்கும்போது கடுமையாக மூச்சுத் திணறிய குழந்தையின் உடலை 72 மணி நேரம் 33.5 டிகிரி அளவுக்குக் குளிர்வித்தால் மூளைப் பாதிப்பு குறைகிறது என்று மேலைநாட்டு ஆய்வுகள் காட்டியிருந்தன. அங்கு அது நிலையான சிகிச்சையாயிற்று. இந்தியாவிலும் பல மருத்துவமனைகள் பின்பற்றத் தொடங்கின. இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய நாடுகளில் 408 குழந்தைகளிடம் 'ஹீலிக்ஸ்' என்ற ஆய்வு நடந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியும் இதில் பங்கேற்றது. 2021இல் வெளியான முடிவில், குளிர்விக்கப்பட்டவர்களில் 42 விழுக்காட்டினரும், குளிர்விக்கப்படாதவர்களில் 31 விழுக்காட்டினரும் இறந்திருந்தனர். சிகிச்சை உதவவில்லை, இறப்பு கூடியிருந்தது.

ஏன் இந்த வேறுபாடு என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. நம் பகுதியில் மூளைப் பாதிப்பு பிரசவத்துக்கு வெகுமுன்பே தொடங்கியிருக்கலாம் என்பது ஒரு கருத்து. ஓரிடத்தில் பயன் தந்த சிகிச்சையை நம் குழந்தைகளிடம் சோதித்துப் பார்க்காமல் ஏற்பது ஆபத்து என்பதில் ஐயமில்லை. இந்த ஆய்வு நடந்திராவிட்டால் நல்லெண்ணத்தோடே தீங்கு செய்துகொண்டிருந்திருப்பார்கள்.

ஆக்சிசனும் கண்ணும்

1940களிலும் 50களின் தொடக்கத்திலும் உலகில் சுமார் 10,000 குறைமாதக் குழந்தைகள் பார்வை இழந்தனர். இன்குபேட்டரில் தாராளமாகத் தரப்பட்ட ஆக்சிசனே முக்கியக் காரணம் என்று பின்னர் தெரிந்தது. முழுமையாக வளராத விழித்திரையின் இரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடும். எனவே இன்று ஆக்சிசன் பெறும் குறைமாதக் குழந்தைக்கு, பல்ஸ் ஆக்சிமீட்டர் 90 முதல் 95 வரை காட்டும்படி அளவைக் கட்டுப்படுத்துகிறார்கள். 100 காட்டினால் நல்லது என்று பெற்றோர் எண்ணுவது இயல்பு. இக்குழந்தைக்கு அது நல்லதன்று.

34 வாரத்துக்கு முன் அல்லது 2 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைக்கு, பிறந்த 30 நாளுக்குள் கண் மருத்துவர் விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும். 28 வாரத்துக்கு முன் பிறந்திருந்தால் இரண்டு மூன்று வாரத்திலேயே பார்க்க வேண்டும். உரிய நேரத்தில் லேசர் சிகிச்சை செய்தால் பெரும்பாலும் பார்வையைக் காக்கலாம்.

மருத்துவக் கல்வியில் மாற்றம்

தமிழ்நாட்டில் குழந்தை மருத்துவம் தனித்துறையாக வேரூன்றியது எழும்பூரில். 1948இல் டாக்டர் எஸ். டி. ஆச்சார் தலைமையில் அங்குள்ள மகளிர், குழந்தைகள் மருத்துவமனையில் தொடங்கிய பிரிவே பின்னாளில் குழந்தைகள் நல நிறுவனமாக வளர்ந்தது. அவர் பெயரில் அமைந்த பாடநூலைப் பல தலைமுறை மாணவர்கள் படித்திருக்கிறார்கள்.

பல்லாண்டுகள் மருத்துவ மாணவரின் அறிவு எழுத்துத் தேர்வாலும் நேர்முகத் தேர்வாலும்தான் அளக்கப்பட்டது. 2019இல் அறிமுகமான திறன்சார் பாடத்திட்டம், சில செயல்களைத் தம் கையால் செய்துகாட்டினால்தான் சான்று என்று விதித்தது. பச்சிளங்குழந்தைக்கு மூச்சு கொடுத்தல் அவற்றுள் ஒன்று. 2021 முதல் சேர்ந்த முதுநிலை மாணவர்கள் தம் படிப்புக் காலத்தில் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும். ஐந்து மூத்த மருத்துவர் சூழ நிற்கும் கல்லூரி மருத்துவமனைக்கும், இரவில் தனியாக முடிவெடுக்க வேண்டிய இடத்துக்கும் உள்ள வேறுபாட்டை இந்த மூன்று மாதம் கற்றுத்தரும். அண்ணாமலை நகரில் 1985இல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, இப்போது அரசு கடலூர் மருத்துவக் கல்லூரியாகியிருப்பதால் இம்மாவட்டத்துக்கு அரசுக் கல்லூரி ஒன்று அருகிலேயே கிடைத்திருக்கிறது.

வீடு திரும்பிய பின்

பால் குடிக்க மறுத்தல், வலிப்பு, நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேற்பட்ட மூச்சு, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே ஆழமாகக் குழி விழுதல், காய்ச்சல் அல்லது உடல் சில்லிட்டுப்போதல், தூண்டினால் மட்டும் அசைதல் ஆகியவை பச்சிளங்குழந்தையின் ஆபத்து அறிகுறிகள். இவற்றுள் ஒன்று தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மூச்சை எண்ணும்போது குழந்தை அழாமல் இருக்க வேண்டும், முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பச்சிளங்குழந்தை சீராக மூச்சுவிடாது, விட்டுவிட்டு மூச்சிழுக்கும். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கினால் கணக்கு தவறும். 60க்கு மேல் வந்தால் இன்னொரு முறை எண்ணிப் பார்த்து உறுதிசெய்துகொள்ளலாம். இரண்டாம் முறையும் 60க்குக் குறையவில்லையென்றால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.